நாற்காலி யாருக்குப் போகும்? 2017-இல் இரண்டு புகார்களும் இரண்டு கட்சிகளும்

1979-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், எட்டோவா மாவட்ட நீதிமன்றம். விசாரணை அறைக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் ஒரு தாயும் அவருடைய 14 வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் யாருடைய பொறுப்பில் வளர்வது என்ற வழக்குக்காக வந்திருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த உதவி அரசு வழக்கறிஞர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருக்கு வயது 32. உள்ளே பேசுவதையெல்லாம் பிள்ளை கேட்க வேண்டாமே, நீங்கள் போய் வாருங்கள், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு தாய் உள்ளே போனார். வழக்கறிஞர் அந்தச் சிறுமியிடம் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சில நாட்கள் கழித்து அவளைக் காரில் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவளிடம் அத்துமீறி நடந்துகொண்டார்.

அந்தச் சிறுமி 38 ஆண்டுகள் கழித்து, நடுத்தர வயதுப் பெண்ணாக, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழிடம் சொன்ன விவரம் இது. 2017 நவம்பர் 9 அன்று செய்தி வெளியானது. அவர் குறிப்பிட்ட வழக்கறிஞரின் பெயர் ராய் மூர். அந்த நேரத்தில் மூர், அலபாமாவில் நடக்கவிருந்த செனட் இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர். அப்படி ஒரு பெண்ணையே தனக்குத் தெரியாது என்று மறுத்தார். அதன் பிறகும் மறுத்தே வந்திருக்கிறார்.

சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 16 அன்று இன்னொரு புகார். இந்த முறை கையில் ஒரு புகைப்படமும் இருந்தது. 2006-இல் வெளிநாட்டில் இருந்த ராணுவ வீரர்களுக்காகக் கலைநிகழ்ச்சி நடத்தப் போன குழு, ராணுவ விமானத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது. தலைக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் போட்டபடி ஒரு பெண் அசந்து தூங்குகிறார். அவர் மார்புக்கு நேராக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார் ஓர் ஆண். அந்த ஆண் ஆல் ஃபிராங்கென். படம் எடுத்தபோது நகைச்சுவைக் கலைஞர்; 2017-இல் மின்னசோட்டா மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர். அதே பயணத்தில் ஒத்திகை என்ற பெயரில் தன்னை வற்புறுத்தி முத்தமிட்டார் என்றும் அந்தப் பெண் சொன்னார். ஒத்திகை தனக்கு அப்படி நினைவில்லை என்றார் ஃபிராங்கென். படத்துக்கு மன்னிப்புக் கேட்டார். செனட்டின் நெறிமுறைக் குழு தன்னை விசாரிக்கட்டும் என்று தானே கேட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. டிசம்பர் 4 அன்று மூருக்கு நாட்டின் அதிபரே வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். டிசம்பர் 7 அன்று ஃபிராங்கென் பதவி விலகுவதாக அறிவித்தார். அவரை வெளியே தள்ளியது எதிர்க்கட்சி இல்லை, அவருடைய சொந்தக் கட்சிதான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கட்சிக்கு வெட்கமில்லை, இன்னொரு கட்சிக்கு மனசாட்சி இருக்கிறது என்று முடிவு கட்டுவது எளிது. அப்போது பலர் அப்படித்தான் எழுதினார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் மாமியார் சில சமயம் தன் குடத்தைத் தானே தூக்கி வெளியே எறிகிறாளே, அது எப்போது நடக்கிறது? அந்த நான்கு வாரங்களை நாள்வாரியாகப் பார்த்தால் பதில் கிடைக்கிறது: வீட்டில் மாற்றுக் குடம் இருந்தால் எறிகிறாள். நாற்காலி காலியானால் அது யாருக்குப் போகும் என்ற கணக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

அலபாமா: "உண்மையாக இருந்தால்"

மூர் மீதான செய்தி அவசரத்தில் எழுதப்பட்டது இல்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசியதாக நாளிதழ் சொன்னது. அந்தச் சிறுமியோடு சேர்த்து நான்கு பெண்கள் தங்கள் பெயரை வெளியிட்டே பேசினார்கள். மற்ற மூவரும் 16-லிருந்து 18 வயதுக்குள் இருந்தபோது மூர் தங்களை நாடி வந்ததாகச் சொன்னார்கள். தாய் அந்த நாளில் நீதிமன்றம் வந்தாரா என்பதைக்கூடப் பழைய வழக்குப் பதிவேட்டில் தேடினார்கள். 1979 பிப்ரவரியில் விசாரணை நடந்தது பதிவாகியிருந்தது. நால்வரில் யாரும் தாமாக நாளிதழைத் தேடிப் போகவில்லை. செய்தியாளர்கள்தான் அவர்களைத் தேடிப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த முதல் பெண் கடைசி மூன்று அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தவர்.

செய்தி வந்த அன்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் பலர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: குற்றச்சாட்டு உண்மையாக இருந்தால் மூர் விலக வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? மூர் அப்போது செனட்டர் இல்லை, வெறும் வேட்பாளர். செனட்டின் நெறிமுறைக் குழு அவரை விசாரிக்க முடியாது. சம்பவம் நடந்து நாற்பது ஆண்டுகள் நெருங்கிவிட்டதால் குற்ற வழக்குக்கும் வழியில்லை. தேர்தலுக்கு மிச்சம் 33 நாட்கள். ஆக, "உண்மையாக இருந்தால்" என்ற நிபந்தனையை நிறைவேற்ற எந்த இடமும் கிடையாது. சொன்னவர்களுக்கு அது ஒரு காத்திருப்பு அறையாக மட்டும் பயன்பட்டது.

நவம்பர் 13 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், தான் அந்தப் பெண்களை நம்புவதாகச் சொன்னார். செனட் தேர்தலுக்கான கட்சிக் குழு அதற்கு முன்பே மூரோடு இருந்த நிதித் தொடர்பை அறுத்துக்கொண்டது. மூர் ஜெயித்தாலும் அவரைச் செனட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றார் அந்தக் குழுவின் தலைவர் கோரி கார்ட்னர். இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கார்ட்னரின் குழு கடைசிவரை மூரிடம் திரும்பிப் போகவும் இல்லை. ஆனால் மெக்கானலுக்கு மூர் மீது முன்பே பிடித்தமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் அவர் ஆதரித்த லூதர் ஸ்ட்ரேஞ்சை மூர் தோற்கடித்திருந்தார். மூர் விலகினால் தன் ஆளைக் கொண்டுவரலாம் என்ற நப்பாசை அந்த முதல் வாரத்தில் கட்சி மேலிடத்தில் இருந்தது.

அந்த நப்பாசையைக் கெடுத்தது அலபாமாவின் தேர்தல் சட்டம். தேர்தலுக்கு 76 நாட்களுக்குள் வந்துவிட்டால் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரை மாற்ற முடியாது. மூர் விலகினாலும் அவர் பெயர்தான் சீட்டில் இருக்கும். வேறு பெயரை வாக்காளர்களே கையால் எழுதிப் போட்டால்தான் உண்டு. மாற்று ஆள் இல்லை என்பது உறுதியான பிறகு பேச்சின் தொனி மாறுவதை நாள்வாரியாகவே பார்க்கலாம். நவம்பர் 17 அன்று அலபாமா ஆளுநர் கே ஐவி, அந்தப் பெண்களை நம்பாமல் இருக்கத் தனக்குக் காரணம் ஏதுமில்லை என்றார். அதே மூச்சில், தன் வாக்கு மூருக்குத்தான் என்றும் சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை உறுதிசெய்யும் செனட்டில் தன் கட்சி ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இந்த முழு விவகாரத்திலும் என்னை அதிகம் உலுக்கிய பேச்சு இதுதான். புகார் பொய் என்று அவர் சொல்லவில்லை. நம்புகிறேன், ஆனாலும் பரவாயில்லை என்றார்.

நவம்பர் 21 அன்று அதிபர் டிரம்ப் பேசினார். மூர் முழுமையாக மறுக்கிறார், அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்றார். அங்கே ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் நமக்குத் தேவையில்லை என்றும் சொன்னார். ஐந்து நாட்களுக்கு முன்னால் ஃபிராங்கென் படம் வெளியான இரவே, அந்தப் படம் மிக மோசம் என்று ட்விட்டரில் எழுதியவரும் இவரேதான். ஃபிராங்கெனும் ஒத்திகை பற்றி வேறு விதமாகத்தான் சொல்லியிருந்தார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று டிரம்புக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்களை நம்புகிறேன் என்று டிரம்ப் ஒரு முறை சொல்லிவிட்டால், 2016-இல் தன் மீது புகார் சொன்ன பெண்களைப் பற்றிய கேள்வி அடுத்த நிமிடமே வரும். டிசம்பர் 2 அதிகாலை வரிக்குறைப்பு மசோதா செனட்டில் 51-க்கு 49 என்ற கணக்கில்தான் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து மூருக்கு ஆதரவு அறிவித்தபோது, எதிர்க்கட்சியிலிருந்து அந்த மசோதாவுக்கு ஒரு வாக்குகூட வராததால்தான் மூர் ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்று டிரம்பே எழுதினார். அன்றே கட்சியின் தேசியக் குழுவும் மூருக்கான நிதியோடு திரும்பி வந்தது. மறைக்க எதுவும் இல்லை. கணக்கு பகிரங்கமாகவே போடப்பட்டது.

தன் கட்சிக்கு எதிராக நின்றவர்கள் இல்லாமல் போகவில்லை. செனட்டர் ஜெஃப் ஃபிளேக் எதிர்க்கட்சி வேட்பாளர் டக் ஜோன்ஸுக்கு 100 டாலர் காசோலை எழுதி, கட்சியைவிட நாடு பெரிது என்று அதிலேயே குறித்து, படமெடுத்து வெளியிட்டார். அலபாமாவின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி, தன்னால் மூருக்கு வாக்களிக்க முடியவில்லை, வேறொரு குடியரசுக் கட்சிக்காரரின் பெயரை எழுதிப் போட்டேன் என்றார். இருவரையும் மதிக்கிறேன். அதே சமயம், ஃபிளேக் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அக்டோபரிலேயே அறிவித்திருந்தார். ஷெல்பி 2016-இல்தான் ஜெயித்திருந்தார். அடுத்த தேர்தல் அவருக்கு 2022-இல். மனசாட்சிக்குக் கொடுக்க வேண்டிய விலை அவர்களுக்குக் குறைவு. விலை அதிகமாக இருந்தவர்களில் எத்தனை பேர் அப்படிப் பேசினார்கள் என்று தேடினால் கை விரல்கள் மிஞ்சும்.

வாக்காளர்கள் கதை வேறு மாதிரி. டிசம்பர் தொடக்கத்தில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் அலபாமா குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 71 சதவீதம் பேர் புகார்கள் பொய் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இது ஊடகங்களும் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து செய்த சதி என்றார்கள். இவர்கள் தெரிந்தே பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தலைவர்களுக்குக் கணக்கு போடத் தெரியும். ஆதரவாளனுக்கு அந்தக் கணக்கின் பாரம் தாங்காது. என் கட்சி ஜெயிக்க வேண்டும், ஆனால் வேட்பாளர் ஒரு சிறுமியிடம் அத்துமீறியவர் என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. ஒன்றை விட வேண்டும். கட்சியை விடுவதைவிடப் புகாரைப் பொய்யாக்குவது சுலபம்.

அந்த நாட்களிலேயே இன்னொரு பெண் அதே நாளிதழை அணுகி, பதின்ம வயதில் மூரால் தான் கர்ப்பமானதாகச் சொன்னார். செய்தியாளர்கள் விசாரித்தார்கள், விவரங்கள் பொருந்தவில்லை. ஊடகங்களைச் சிக்கவைக்க ரகசியமாகப் படமெடுக்கும் ஓர் அமைப்போடு அவருக்குத் தொடர்பு இருந்தது தெரியவந்தது. பொய்ப் புகாரை வெளியிடாமல், நடந்ததை நவம்பர் 27 அன்று நாளிதழ் செய்தியாக்கியது. புகாரைச் சோதிக்க முடியும், பொய்யைப் பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதைப் படித்து மனம் மாறியவர்கள் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் 12 தேர்தலில் மூர் தோற்றார். வித்தியாசம் ஏறக்குறைய 22,000 வாக்குகள். வேறு பெயரை எழுதிப் போட்டவர்களின் எண்ணிக்கை அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மின்னசோட்டா: இலவசமாகக் கிடைத்த நேர்மை

ஃபிராங்கென் மீது அடுத்தடுத்து வந்த புகார்களோடு சேர்த்து எட்டுப் பெண்கள் பேசினார்கள். 2010-இல் மாநிலக் கண்காட்சியில் சேர்ந்து படமெடுக்கும்போது தன் பின்புறத்தைப் பிடித்தார் என்றார் ஒருவர். 2006-இல் வானொலி நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது முத்தமிட முயன்றார் என்றார் அவருடைய கட்சியிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் வேலை பார்த்த பெண். இந்தப் புகார் டிசம்பர் 6 காலையில் வெளியானது. ஃபிராங்கென் அதை மறுத்தார். அன்றே செனட்டர் கிர்ஸ்டன் கில்லிப்ராண்ட், ஃபிராங்கென் விலக வேண்டும் என்று எழுதினார். ஒன்றன்பின் ஒன்றாக, பொழுது சாய்வதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் அதையே சொல்லிவிட்டார்கள். நெறிமுறைக் குழு அப்போதுதான் முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியிருந்தது. அதன் முடிவுக்குக் காத்திருப்போம் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த கட்சி, ஒரே பகலில் அதைக் கைவிட்டது.

அன்றைய தேதியை இன்னொரு முறை பார்க்கலாம். அலபாமா தேர்தலுக்கு ஆறு நாள். மூரைத் தாக்க வேண்டும் என்றால் தங்கள் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். மின்னசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன் தங்கள் கட்சிக்காரர். இடம் காலியானால் தங்கள் ஆளையே நியமிப்பார். அப்படியேதான் நடந்தது, துணை ஆளுநர் டீனா ஸ்மித் 2018 ஜனவரியில் செனட்டரானார், பிறகு தேர்தலிலும் ஜெயித்தார். கட்சிக்கு ஒரு வாக்குகூடக் குறையவில்லை. அலபாமாவில் மாற்றுக் குடம் இல்லை. இங்கே தயாராக இருந்தது.

ஜனநாயகக் கட்சியினரில் உண்மையான கோபத்தோடு பேசியவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கில்லிப்ராண்ட் பல ஆண்டுகளாக ராணுவத்தில் நடக்கும் பாலியல் குற்றங்களுக்கு எதிராகப் போராடியவர். அதற்காகவே அவர் பின்னாளில் கட்சி நன்கொடையாளர்களின் பகையையும் சம்பாதித்தார். நான் கேட்பது அந்த முப்பது பேரைப் பற்றி. மின்னசோட்டா ஆளுநர் எதிர்க்கட்சிக்காரராக இருந்திருந்தால் அந்தப் பகல் அப்படிப் போயிருக்குமா? மேற்கு வர்ஜீனியாவின் அன்றைய செனட்டர் ஜோ மான்சின், அப்போது அவரும் அதே கட்சிதான், தன் சகாக்கள் செய்தது பாசாங்கு என்று வெளிப்படையாகவே சாடினார்.

அதே நாட்களில் அதே கட்சியில் நடந்த ஜான் கான்யர்ஸ் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதிநிதிகள் சபையின் மிக மூத்த உறுப்பினர், 1965 முதல் பதவியில் இருந்தவர். பணிநீக்கம் செய்யப்பட்ட பெண் ஊழியர் ஒருவரின் புகார், அலுவலக நிதியிலிருந்து 27,000 டாலருக்கு மேல் கொடுத்து முடித்துவைக்கப்பட்டிருந்தது. நவம்பர் 26 அன்று அந்தச் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவியான நான்சி பெலோசி அவரைப் போற்றுதலுக்குரிய மனிதர் என்றும் முறையான விசாரணை வேண்டும் என்றும் பேசினார். நான்கே நாளில், அவர் விலக வேண்டும் என்றார். கான்யர்ஸ் குற்றச்சாட்டுகளை மறுத்தபடியே டிசம்பர் 5 அன்று விலகினார். அவர் தொகுதியும் கட்சிக்குப் பாதுகாப்பான தொகுதி.

கணக்கு தலைகீழானபோது

இது ஓர் ஊகம்தானே, டிசம்பர் 6-இல் அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் வர்ஜீனியாவைப் பார்க்க வேண்டும். அதே கட்சி, பதினான்கு மாதம் கழித்து.

2019 பிப்ரவரி 1. ஆளுநர் ரால்ஃப் நார்தமின் கல்லூரி ஆண்டு மலர்ப் பக்கத்தில் கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் வேடமிட்ட படம் வெளியானது. அவர் விலகினால் துணை ஆளுநர் ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ் வருவார். சில நாட்களுக்குள் ஃபேர்ஃபாக்ஸ் மீது இரண்டு பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் சொன்னார்கள். ஒன்று 2004-இல், இன்னொன்று 2000-இல் நடந்ததாக. ஃபேர்ஃபாக்ஸ் இரண்டையும் மறுத்தார், நடந்தது இருவர் சம்மதத்தோடு என்றார், விசாரணையும் கேட்டார். அவருக்கு அடுத்த வரிசையில் இருந்த தலைமை வழக்கறிஞர் மார்க் ஹெரிங், தானும் 1980-இல் முகத்தில் கறுப்பு பூசியதாக ஒப்புக்கொண்டார். மூவரும் ஜனநாயகக் கட்சி. நான்காவது இடத்தில் இருந்தவர் மாநில சபாநாயகர் கிர்க் காக்ஸ், குடியரசுக் கட்சி.

ஃபேர்ஃபாக்ஸ் விலக வேண்டும் என்று தேசிய அளவில் பல ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் சொன்னார்கள். சொன்னதோடு சரி. பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவருவேன் என்று அறிவித்த அவர்கள் கட்சி உறுப்பினர் ஒருவர் அதை நிறுத்திவைத்தார். குடியரசுக் கட்சியினர் கேட்ட பகிரங்க விசாரணைக்கு ஜனநாயகக் கட்சியினர் ஒத்துழைக்கவில்லை. குடியரசுக் கட்சியினர் கேட்டதும் பெண்கள் மீதான அக்கறையால் மட்டும்தான் என்று நம்பச் சொல்லாதீர்கள். அவர்கள் அலபாமாவில் எங்கே நின்றார்கள் என்று பார்த்தோம். மூவரில் ஒருவரும் விலகவில்லை. ஃபேர்ஃபாக்ஸ் தன் பதவிக்காலம் முழுவதும் இருந்தார். ஃபிராங்கென் மீதான புகார்களைவிட மிகக் கடுமையான புகார்கள் இவை. அங்கே ஒரு பகலில் முடிந்தது இங்கே மூன்றாண்டு ஆகியும் முடியவில்லை.

1998-99-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். பில் கிளின்டன் மீதான பதவிநீக்க வழக்கில் 45 ஜனநாயகக் கட்சி செனட்டர்களும் ஒருவர் விடாமல் அவரைக் காப்பாற்றினார்கள். பெண்களுக்காகப் பேசிய பலர் அன்று புகார் சொன்ன பெண்களின் குணத்தைக் கேள்வி கேட்டார்கள். கிளின்டன் பதவி விலகியிருக்க வேண்டும் என்று கில்லிப்ராண்ட் சொன்னது 2017 நவம்பரில், அதைச் சொல்வதால் எந்த நாற்காலியும் பறிபோகாத காலத்தில். மறுபக்கம், கிளின்டனின் ஒழுக்கத்தைக் குறைசொல்லிப் பேசிய குடியரசுக் கட்சி, பிரதிநிதிகள் சபை அவர் மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றிய 1998 டிசம்பர் வாரத்திலேயே தன் சபாநாயகர் வேட்பாளரைத் திருமணத்துக்கு வெளியே இருந்த உறவுகளால் இழந்தது. மாற்றாக அவர்கள் கொண்டுவந்த டென்னிஸ் ஹாஸ்டர்ட், மல்யுத்தப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மாணவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்தவர் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தது.

சாதாரண மக்களிடமும் இந்த நகர்வு பதிவாகியிருக்கிறது. தனிவாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக இருக்க முடியுமா என்று வேதநூலையே எல்லாவற்றுக்கும் அளவுகோலாகக் கொள்ளும் வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் ஓர் ஆய்வு நிறுவனம் 2011-இல் கேட்டபோது முடியும் என்றவர்கள் 30 சதவீதம். 2016-இல், டிரம்ப் வேட்பாளராக நின்றபோது, அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்து ஆண்டில் அவர்கள் வேதநூல் மாறவில்லை. வேட்பாளர்தான் மாறியிருந்தார்.

ஒப்பிடும்போது கை நழுவும் இடம்

இரட்டை நியாயத்தைப் பேசும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. மூர் மீதான புகாரும் ஃபிராங்கென் மீதான புகாரும் ஒன்றல்ல. 14 வயதுச் சிறுமியிடம் அத்துமீறுவதையும், படமெடுக்கும்போது ஒரு பெண்ணின் உடம்பில் கை வைப்பதையும் ஒரே தட்டில் போட்டால் முதலாவது இலேசாகிவிடும். இரண்டாவது எதுவுமே இல்லை என்றும் ஆகக்கூடாது. 2017 இறுதியில் இரண்டு தரப்பும் இந்தக் குழப்பத்தைத் தங்களுக்கு வேண்டியபடி பயன்படுத்திக்கொண்டன. மூர் பற்றிக் கேட்டால் ஃபிராங்கெனைக் காட்டு; ஃபிராங்கென் பற்றிக் கேட்டால் மூரைக் காட்டு. உன் ஆள் மட்டும் யோக்கியமா என்ற கேள்வி வந்துவிட்டால், அந்த இடத்தில் புகார் சொன்ன பெண் காணாமல் போய்விடுகிறார்.

2019-இல் ஃபிராங்கென் விவகாரம் மறுபடி கிளறப்பட்டபோது அதைத்தான் பார்த்தேன். அவரை விலகச் சொன்ன செனட்டர்களில் ஏழு பேர், அவசரப்பட்டுவிட்டோம் என்று வருத்தம் தெரிவித்தார்கள். விசாரணை இல்லாமல் அனுப்பியது தவறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய ஆதரவாளர்கள் பலர் அதோடு நிற்கவில்லை. முதல் புகார் சொன்ன பெண் வலதுசாரி வானொலிக்காரர், எல்லாம் திட்டமிட்ட சதி என்றார்கள். அலபாமாவில் அந்த 71 சதவீதத்தில் பெரும்பாலோர் சொன்னதும் இதே வார்த்தைதான். மிச்சம் இருந்த ஏழு பெண்களைப் பற்றி அவர்களிடம் பதில் இல்லை. அதில் ஒருவர் அவர்கள் கட்சியிலேயே வேலை பார்த்தவர்.

சரி, கட்சிக் கணக்கை மீறி எங்காவது ஏதாவது நடந்திருக்கிறதா? ஒன்று சொல்ல முடியும். ஓரிகான் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் பாப் பேக்வுட். 1992 நவம்பரில் பத்துப் பெண்களின் புகார் செய்தியாக வந்தது. நெறிமுறைக் குழுவில் ஒரு கட்சிக்கு மூன்று பேர் வீதம் ஆறு பேர். விசாரணை ஏறக்குறைய மூன்று ஆண்டு இழுத்தது. அவருடைய நாட்குறிப்புகளைக்கூடக் கேட்டு வாங்கினார்கள். நடுவில் கட்சி அரசியல் புகாமல் இல்லை; பகிரங்க விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையைச் செனட் 52-க்கு 48 என்று தள்ளியது. ஆனால் சாட்சியங்கள் சேர்ந்து ஒரே கோப்பில் வந்த பிறகு, 1995 செப்டம்பரில், ஆறு பேரும் ஒருமனதாக அவரை வெளியேற்றப் பரிந்துரைத்தார்கள். குழுவின் தலைவர் அவருடைய கட்சிக்காரரான மிட்ச் மெக்கானல். பேக்வுட் விலகினார். அடுத்த ஜனவரியில் அந்த இடம் எதிர்க்கட்சிக்குப் போனது. செனட்டில் அப்போது குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்ததால் அடி பெரிதாக வலிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் நாற்காலி போகக்கூடும் என்று தெரிந்தே அந்த மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணை முடிந்து ஆவணம் கண் முன்னால் இருந்தால், கட்சிக்காரருக்குக்கூடக் கண்ணை மூடுவது கஷ்டமாகிறது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

2017-க்குப் பிறகு சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு செனட்டர் மீதோ பிரதிநிதி மீதோ புகார் கொடுக்கும் ஊழியர் முதலில் 30 நாள் ஆலோசனைக்கும், அப்புறம் 30 நாள் சமரசப் பேச்சுக்கும் போக வேண்டும். அதன் பிறகும் 30 நாள் காத்திருந்தால்தான் வழக்கோ முறையான புகாரோ கொடுக்க முடியும். இழப்பீட்டுத் தொகை மக்கள் வரிப்பணத்திலிருந்து போனது. 2018 டிசம்பரில் அந்த மூன்று படிகளும் கட்டாயம் இல்லை என்றானது. பாலியல் துன்புறுத்தலுக்கான இழப்பீட்டை உறுப்பினரே கைப்பணத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் ஆனது. இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. நல்ல மாற்றம். ஆனால் அது ஊழியர்களுக்கானது. நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுமிக்கும், விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கும், கண்காட்சியில் படமெடுக்க நின்ற பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

அலபாமா பெண்ணும் மூரும் ஒருவர் மீது ஒருவர் அவதூறு வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் மான்ட்கமெரி நடுவர் குழு, இருவரில் யாரும் மற்றவரை அவதூறு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஃபிராங்கென் 2018 ஜனவரி 2 அன்று பதவியை விட்டு இறங்கினார். உறுப்பினர் அல்லாதவரை விசாரிக்க நெறிமுறைக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. அவரே கேட்ட விசாரணை அன்றோடு நின்றது. எட்டுப் பெண்களும் சொன்னதை உட்கார்ந்து கேட்டு, சரி என்றோ தவறு என்றோ அந்தக் குழு கடைசிவரை ஒரு வரியும் எழுதவில்லை.